பெண் பிள்ளைகளின் படிப்பு ஏன் நிற்கிறது?

"பெண் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று சிலர் சொல்வார்கள். "வீட்டில் அனுப்புவது இல்லை" என்று வேறு சிலர் சொல்வார்கள். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று பலர் கேட்பது இல்லை. பெண் பிள்ளை படிப்பதும், பாதியில் நிற்பதும் பள்ளியைப் பொறுத்தும் இருக்கிறது. அது எப்படி? பார்ப்போம்.

1991-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். நம் நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் கணக்கிட்டார்கள். ஆண்களில் 100-க்கு 64 பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது. பெண்களில் 39 பேருக்குத்தான் தெரிந்தது. 2011-ஆம் ஆண்டில் ஆண்கள் 81 பேர். பெண்கள் 65 பேர். இடைவெளி 25-இலிருந்து 16 ஆகக் குறைந்தது. இருபது ஆண்டுகளில் பெண்களின் மூளையா மாறியது? இல்லை. வாய்ப்புதான் கூடியது.

பள்ளி எவ்வளவு தூரம்?

பீகார் மாநிலத்தில் முன்பு பல ஊர்களில் எட்டாம் வகுப்பு வரை அருகிலேயே படிக்க முடிந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் பல கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. ஆண் பிள்ளையைப் பெற்றோர் அனுப்பினார்கள். வயது வந்த பெண்ணைத் தனியே அனுப்பப் பயந்தார்கள். நன்றாகப் படித்த பெண்ணும் எட்டாம் வகுப்போடு நின்றாள்.

2006-ஆம் ஆண்டில் பீகார் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தது. பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து சைக்கிளில் பள்ளிக்குப் போனார்கள். தூரம் குறைந்தது போல ஆயிற்று. பயமும் குறைந்தது.

இதன் பலனை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்பு 100 பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்றால், திட்டத்துக்குப் பின் 132 பேர் சேர்ந்தார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருந்த ஊர்களில் பலன் அதிகம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பெண்களும், தேறிய பெண்களும் கூடினார்கள்.

கழிப்பறை இருக்கிறதா?

பள்ளியில் கழிப்பறை இல்லை என்றால் என்ன ஆகும்? பெண் பிள்ளை காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு இருக்கிறாள். தண்ணீர் குடிக்கவும் பயப்படுகிறாள். மாதவிலக்கு நாட்களில் வீட்டில் தங்கிவிடுகிறாள். அந்த நாட்களில் நடத்திய பாடம் அவளுக்குப் புரிவது இல்லை. மதிப்பெண் குறைகிறது. பிறகு படிப்பே நிற்கிறது.

2000-க்குப் பின் அரசு பல்லாயிரம் பள்ளிகளில் கழிப்பறை கட்டியது. அதன் பலனையும் ஆராய்ந்தார்கள். சிறு பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறை இருந்தாலும் பயன்பட்டது. பருவம் அடைந்த பெண்களுக்கோ, தங்களுக்கென்று தனிக் கழிப்பறை இருந்தால்தான் பயன்பட்டது.

ஆசிரியை இருக்கிறாரா?

1987-ஆம் ஆண்டில் கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களாவது வேண்டும், முடிந்தவரை ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று அந்தத் திட்டம் சொன்னது. அதற்குக் காரணம் உண்டு. ஆசிரியை இருந்தால் பெற்றோர் நம்பி அனுப்புவார்கள். பெண் பிள்ளை கூச்சம் இல்லாமல் சந்தேகம் கேட்பாள். "நானும் இவரைப் போல ஆகலாம்" என்று நினைப்பாள்.

ஆந்திராவின் கிராமப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகள் ஆய்வு நடந்தது. ஆசிரியையிடம் படித்தபோது பெண் பிள்ளைகளின் மதிப்பெண் சிறிது கூடியது. ஆண் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை.

வகுப்பில் என்ன நடக்கிறது?

கணக்குப் போட ஆண் பிள்ளையைக் கூப்பிடுவது. வகுப்பைப் பெருக்கப் பெண் பிள்ளையைக் கூப்பிடுவது. பாடப் புத்தகத்தில் அம்மா சமைக்கிற படம். அப்பா அலுவலகம் போகிற படம். இவை சின்ன விஷயங்கள் போலத் தெரியும். ஆனால் நாள்தோறும் பார்க்கும் பிள்ளை, "கணக்கு எனக்கு வராது" என்று தானே முடிவு செய்துகொள்கிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி இலவசம், கட்டாயம். பள்ளியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்க வேண்டும். நல்ல குடிநீர் இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று இந்தக் குழு திட்டம் போடலாம். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கலாம். அதில் உட்கார்ந்து பேசவும், கணக்கைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவும் எழுத்தறிவு உதவும்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊரில் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? எந்த வகுப்பில் நிறுத்தினார்கள்?
2. உயர்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம்? பெண் பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள்?
3. பெண்களுக்கான கழிப்பறையில் கதவும் தண்ணீரும் இருக்கின்றனவா? பூட்டி வைத்திருக்கிறார்களா?
4. பள்ளி மேலாண்மைக் குழு கடைசியாக எப்போது கூடியது? எத்தனை பெண்கள் பேசினார்கள்?
5. அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை எழுதுங்கள்.