பரணில் கிடக்கும் தையல் மெஷின்



நம் வீடுகள் பலவற்றில், பரணிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒரு கறுப்புத் தையல் மெஷின் தூசு படிந்து கிடக்கும். பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்பார். இப்போது இன்னொரு கூட்டமும் வருகிறது. இரும்புக் காலை மட்டும் கழற்றி மேசை செய்வதற்காம். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் உம்மாவின் மெஷினைப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சுபோச்சு ராத்தா" என்று பழுதுபார்க்க வந்தவர் கைவிரித்தார். சக்கரம் துளியும் அசையவில்லை. வாப்பா மவுத்தான பிறகு எங்கள் நான்கு பேரையும் வளர்த்த மெஷின் அது; எடைக்குப் போட மனம் வரவில்லை. பிரித்துப் பார்த்தால் உடைந்தது ஒன்றுமில்லை. காலங்காலமாக விட்ட தேங்காயெண்ணெய் பிசினாக இறுகியிருந்தது, அவ்வளவுதான்.

இறுகிய மெஷினைப் பலவந்தமாகச் சுற்றக் கூடாது. ஊசியையும் பாபினையும் எடுத்துவிடுங்கள். ஊசித் தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையே அடைந்திருக்கும் பஞ்சைப் பழைய பல்துலக்கியால் எடுங்கள். அது உருண்டையாகக் கட்டியிருக்கும், பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பிறகு எண்ணெய்த் துளைகளிலும், இரும்போடு இரும்பு உரசும் இடங்களிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். பொன்னிறப் பூ வேலைப்பாடு அழியும், அதன்மேல் தேய்க்காதீர்கள். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. இளகியதும் அழுக்கைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் எதுவும் கூடாது.

கால்மெஷினில் தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் மெஷினே கெட்டுப்போனது போலத் தோன்றும். சிறிது வெட்டி மறுபடி கம்பி போட்டு இணைத்தால் போதும்.

ஊசி புதிதாக வாங்குங்கள்; சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16. ஊசியின் தட்டைப் பக்கம் ஷட்டில் கொக்கியை நோக்கியும், நீண்ட வரி எதிர்ப்பக்கமும் இருக்க வேண்டும். நூலை அந்த வரி உள்ள பக்கத்திலிருந்து கோர்க்க வேண்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், குற்றம் பாபினில் இல்லை; மேல் நூல் சரியாகக் கோர்க்கப்படவில்லை அல்லது அதன் டென்ஷன் தளர்ந்திருக்கிறது. கீழ் நூல் மேலே தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம்.

பழையது விலைக்கு வந்தால், வட்டப் பாபின் போடும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். இன்று நம் கடைகளில் விற்கும் சாதாரண வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் அதே அமைப்புதான். பாபினும் பாபின் கேஸும் எளிதாகக் கிடைக்கும். படகு வடிவ ஷட்டிலும் நீளப் பாபினும் உள்ளவை இன்னும் பழையவை, பார்க்க அழகு. ஷட்டில் தொலைந்திருந்தால் வாங்க வேண்டாம்.

சிங்கர் மெஷினில் பொறித்த எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இருந்தால் அது 1900க்குப் பிந்தியது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை 1885 முதல் 1980 வரை இயங்கியது. அங்கே செய்தவை உலகமெங்கும் போயின.

ஓர் எச்சரிக்கை. 2009இல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் மெஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது என்று வதந்தி கிளம்பியது. கைப்பேசியை ஊசியருகே வைத்துச் சோதித்தார்கள். பழைய மெஷினுக்கு ஆயிரக்கணக்கான ரியால் விலை பேசினார்கள். உள்ளே இருந்தது இரும்பும் எண்ணெயும்தான். இப்படி யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால் நம்பிவிடாதீர்கள்.

இந்த மெஷின்கள் நேர்த்தையல் மட்டுமே போடும். பாவாடை, தலையணை உறை, தொழுகைக்கான மக்கனா, பள்ளிச் சீருடை எல்லாவற்றுக்கும் அது போதும். இழுபடும் பனியன் துணிக்குத்தான் சரிவராது. எங்கள் மெஷினில் இப்போது தம்பி மகள் பழகுகிறாள். முதலில் நூல் கோர்க்காமல், கோடு போட்ட காகிதத்தில் வெறும் ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னேன். ஒரு வாரத்தில் கால் படிந்துவிட்டது. நோன்புப் பெருநாளைக்குத் தங்கைக்குப் பாவாடை தைக்க வேண்டுமென்று துணி எடுத்து வைத்திருக்கிறாள்.