நோயுற்ற நாய்க்குட்டியும் மருத்துவச் செலவும்

நாய் உழவனுக்குப் பழைய துணை. மணிலாக் கொல்லையில் பன்றி புகாமலும், களத்து மேட்டிலுள்ள நெல் களவு போகாமலும் இரவெல்லாம் விழித்துக் காப்பது அதுவே. ஆயினும் மாட்டுக்கு நோய் வந்தால் ஓடும் நாம், நாய்க்கு நோய் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்து விடுகிறோம். அதனால் விளையும் துன்பம் யாது, செலவுக்கு உதவி தேடும் முறை யாது என்பன இப்பாடத்தின் பொருள்.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நடப்பதாக ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். ஒரு குடியானவர் வீட்டில் பத்து வாரக் குட்டி ஒன்று உணவு கொள்ளாமல் முடங்கிக் கிடக்கிறது, வாந்தி எடுக்கிறது. மறுநாள் துர்நாற்றத்துடன் இரத்தம் கலந்து கழிகிறது. வீட்டார் மஞ்சள் நீரை வாயில் ஊற்றிப் பார்க்கின்றனர். மூன்றாம் நாள் சிறுமி அழுவது பொறாமல், தந்தை குட்டியைத் தனியார் மருத்துவரிடம் எடுத்துச் செல்கிறார். நரம்பு வழியாகப் பல நாள் மருந்து நீர் ஏற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர். அதற்காகும் தொகையோ கூலிக்காரர் கையில் இல்லை. இனி என் செய்வது?

முதலில் நோயை அறிதல் வேண்டும். இவ்வடையாளங்கள் பெரும்பாலும் பார்வோ என்னும் நச்சுயிரி நோயைக் குறிப்பன. 1978-ஆம் ஆண்டளவில் உலகின் பல பகுதிகளில் கண்டறியப்பட்ட இந்நோய், சில ஆண்டுகளுக்குள் இந்தியாவிலும் பரவிற்று. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளையே இது மிகுதியும் தாக்கும். கிருமியை நேராகக் கொல்லும் மருந்து சாதாரண வழக்கில் இல்லை. உடலிலிருந்து வற்றிய நீரையும் உப்பையும் ஈடு செய்து, வாந்தியை அடக்கி, வேறு கிருமிகள் பெருகாமல் தடுத்து, உடலே நோயை வெல்லும் வரை தாங்கி நிற்பதே சிகிச்சை. சிகிச்சை பெறாத குட்டிகளுள் பெரும்பாலானவை மடிகின்றன. காலத்தில் நல்ல சிகிச்சை பெற்றவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கின்றன. முதல் நாளே சென்றிருந்தால் நீர் வற்றுதல் குறைவு; மருந்தும் குறைவு; செலவும் குறைவு. தாமதித்த ஒவ்வொரு நாளும் செலவை ஏற்றி, உயிர் பிழைக்கும் வாய்ப்பை இறக்குகிறது.

வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் எதையும் வலிந்து ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கி உயிரைப் போக்கும். மனிதர்க்குரிய காய்ச்சல் மாத்திரைகளைக் கொடுத்தலும் ஆகாது. துணியில் சுற்றி வெதுவெதுப்பாக வைத்து, மற்ற நாய்களினின்று பிரித்து, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க.

மற்றோர் எச்சரிக்கை மிக முக்கியமானது. குட்டிக்குத் தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க இயலாமல், காரணமின்றிக் கடிக்க வருமாயின் அது வெறிநோயாக இருக்கலாம். பார்வோ மனிதருக்குத் தொற்றாது. வெறிநோயோ மனிதரைக் கொல்லும். அத்தகைய குட்டியின் வாயில் கை வைக்கலாகாது. கடித்தாலும், கீறினாலும், புண்ணில் எச்சில் பட்டாலும், சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக் கொள்ளுதல் வேண்டும்.

இனிச் செலவைப் பற்றி ஆராய்வோம். தனியாரிடம் செல்லுமுன் அரசு நிலையங்களை நாடுதல் அறிவுடைமை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் உள்ளன; சிற்றூர்களுக்கென மருந்தகங்களும் கிளை நிலையங்களும் உள்ளன. கால்நடை என்றவுடன் ஆடு மாடுகளுக்கு மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். நாய்க்கும் அங்கே சிகிச்சை உண்டு. அங்கே இல்லாத மருந்தை மட்டும் வெளியே வாங்க நேரிடும். நோய் கடுமையாயின், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரிக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சென்னை வேப்பேரியில், 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உள்ளது.

அப்பொழுதும் பணம் போதாதாயின் உதவி கேட்டலில் இழிவில்லை. கேட்கும் முறையில் நேர்மை வேண்டும். முதலாவது, நோய் இன்னது, செலவு இவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்குக. இரண்டாவது, பிழைக்கும் வாய்ப்பை மறைக்காமல் கூறுக. மூன்றாவது, இயன்றவரை பணத்தை மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ நேராகக் கொடுக்கச் சொல்லுக. நான்காவது, வரவு செலவைப் பற்றுச் சீட்டுகளுடன் கொடுத்தவர்க்குக் காட்டுக. ஐந்தாவது, மிச்சத்தை என் செய்வது என்பதை முன்னரே கூறி விடுக. ஒரு முறை கணக்குக் காட்டாதவர், மறு முறை உண்மையாகவே துன்புறும் அயலாருக்கும் கதவை அடைத்தவர் ஆவார். மீளாத வேதனையில் கிடக்கும் உயிரை மேலும் வருத்தாமல் அமைதியாக முடிப்பதே இரக்கம் என மருத்துவர் கூறின், அதையும் கேட்கும் மனவுறுதி வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர் செய்யத்தக்கது என்ன? ஊர்ப் பணம் பொதுப்பணம். தனி வீட்டுக் குட்டியின் மருந்துச் சீட்டுக்கு அதை எடுத்தல் முறையன்று. ஆனால் கால்நடை உதவி மருத்துவரை அழைத்துத் தடுப்பூசி முகாம் நடத்துதல் ஊர் முழுமைக்கும் நலம். தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை 2023-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளாட்சிகளிடம் வைத்துள்ளன. தம் பொறுப்பிலுள்ள விலங்கைத் தேவையற்ற வேதனையினின்று காத்தல் வளர்ப்பவர் கடமை என்று 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கூறுவதையும் ஊரார்க்கு எடுத்துரைக்கலாம்.

வருமுன் காத்தலே மலிவான மருத்துவம். பிறந்த இரண்டாம் வாரம் தொடங்கிக் குடற்புழு நீக்குக. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ முதலியவற்றுக்கான முதல் ஊசியும், பதினாறு வாரம் ஆகும் வரை மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் அடுத்தவையும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசியும் போடுக. பார்வோக் கிருமி மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிர்த்திருக்கும். ஆகவே குட்டி இறந்த இடத்தில் கழிவை நீக்கிக் கழுவி, பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு நீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிடுக. ஊசி முழுதும் போடாத புதுக் குட்டியை அங்கே கொண்டு வரலாகாது.

முற்கூறிய குடியானவர் ஆறாம் வாரத்தில் ஒரு பகற்கூலியை இழந்து மருந்தகம் சென்றிருந்தால், கடனும் இல்லை. சிறுமியின் கண்ணீரும் இல்லை. நம் ஊரில் அக்குறை நேராமல் காப்போமாக.

சிந்தனைக்குரிய வினாக்கள்:
1. நம் ஊருக்கு மிக அருகிலுள்ள கால்நடை மருந்தகம் எது? அது எந்நேரம் திறந்திருக்கும்?
2. நம் ஊர் நாய்களுள் வெறிநோய் ஊசி போடப்பட்டவை எத்தனை?
3. அடுத்த முகாமை எம்மாதத்தில் நடத்தலாம்?