இறைச்சியோடு புழுவும் வீட்டுக்கு வராமலிருக்க 9 குறிப்புகள்

இரணைமடுக் குளத்தின் அலைகரையில் மேய்ந்த மாட்டின் ஈரலில் தட்டைப்புழு இருக்கக்கூடும். கொல்களத்தில் பரிசோதகர் ஈரலை அறுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். வளவில் ஆடு வெட்டிப் பங்கு போடும் நாளில் பரிசோதகர் இருக்கமாட்டார். அந்தப் பொறுப்பை நாம்தான் எடுக்க வேண்டும்.

1. கடையில் வாங்கும்போது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்த இறைச்சியா என்று கேளுங்கள். 1893ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் இறைச்சி வெட்டி விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

2. ஈரலைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். பித்தக் குழாய்கள் தடித்து, கத்தி படும்போது நறநறத்தால், அல்லது இலை போன்ற தட்டைப்புழு தெரிந்தால், அந்த ஈரல் வேண்டாம். பெரிய புழு 7 சென்றிமீற்றர் வரை வளரும்.

3. தட்டைப்புழு மனிதருக்குத் தொற்றுவது பெரும்பாலும் கீரையால். நத்தைக்குள் வளர்ந்து வெளியேறும் புழுவின் குஞ்சுகள் நீரோரச் செடிகளில் ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் முற்றாகப் போகா. வாய்க்கால் கரையில் பிடுங்கிய வல்லாரையைச் சம்பல் போடாமல் வறையாகச் சமையுங்கள். சம்பலுக்கு, மாடு போகாத இடத்தில் கிணற்று நீரில் வளர்த்த வல்லாரையே நல்லது.

4. ஈரலிலோ நுரையீரலிலோ தெளிந்த நீர் நிறைந்த வெள்ளைப் பை இருந்தால், குத்தி உடைக்காதீர்கள். அது நாயின் நாடாப்புழுவின் குஞ்சுகள் வளரும் நீர்க்கட்டி. இதே கட்டி மனிதரின் ஈரலிலும் வளரும்.

5. ஆட்டின் குடல் கொழுப்பில் தொங்கும் மெல்லிய நீர்ப்பை மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நாய் தின்றால் அதன் வயிற்றில் நாடாப்புழுவாகி, முட்டைகள் மேய்ச்சல் நிலத்தில் விழுந்து மறுபடி ஆட்டுக்கே வரும்.

6. கட்டி, புழு உள்ள உறுப்பை நாய்க்குப் போடவே வேண்டாம். எரியுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். மற்ற ஈரல், நுரையீரலை நாய்க்குக் கொடுப்பதாயின் அரை மணி நேரம் கொதிக்க அவித்த பிறகே கொடுங்கள்.

7. வீட்டு நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழுவுக்கான பூச்சி மருந்து கொடுங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். நீர்க்கட்டி நோயின் முட்டை நாயின் மலத்திலும் உரோமத்திலும் இருக்கும். நாயோடு விளையாடிய பிள்ளைகள் கை கழுவாமல் சாப்பிடக்கூடாது.

8. மாடு, பன்றியின் நாக்கு, இதயம், தாடைச் சதையில் அரிசி மணி அளவில் வெண்கொப்புளங்கள் தெரிந்தால், அவை நாடாப்புழுவின் குஞ்சுகள்; அந்த இறைச்சி முழுவதையும் விலக்குங்கள். நல்ல இறைச்சியையும் உள்ளே சிவப்பு இல்லாமல் சமையுங்கள். காட்டுப்பன்றி வத்தலும் இப்படியே. உப்பும் வெயிலும் மட்டும் போதாது.

9. மலத்தில் வெள்ளை நாடாத் துண்டுகள் தெரிந்தால் வெட்கப்படாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். அவை பன்றி நாடாப்புழுவின் துண்டுகளாயின், அதன் முட்டை கழுவாத கை வழியாக வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டியாகி வலிப்பைக் கொண்டுவரும். மலசலகூடத்தைப் பாவிப்பதும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் உங்கள் பிள்ளைகளையும் அயலவரையும் காப்பாற்றும்.