ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்களும் பயணமும்

 

கோவிட் பெருந்தொற்றின் உலகளாவிய அவசர நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அறிவித்தது. நோயின் வேகம் தணிந்தது. கடைகள் பழையபடி நடக்கின்றன. ஆயினும் அந்நாட்களில் நம் வீடுகளில் எழுந்த ஒரு வழக்கு இன்னும் தீராமல் கிடக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட பெரியவர் பயணம் போகலாமா, கூடாதா என்பதே அவ்வழக்கு. தந்தை ஒரு பக்கம் நின்றார். மகன் மறு பக்கம் நின்றான். நாளை வேறொரு நோய் வந்தால் இதே வழக்கு மறுபடியும் எழும். ஆதலின் இம்மாதப் பாடமாக இதனை எடுத்துக்கொண்டோம். நாம் ஆலிம் அல்லோம். பத்வா சொல்ல வரவில்லை. கண்டதையும் கேட்டதையும் கொண்டு நம்மவர் சிந்தனைக்குச் சில வார்த்தைகள் வைக்கிறோம்.

நடந்தவை

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிவாசல்களில் ஜமாஅத் தொழுகை நின்றது. அவ்வாண்டு டிசம்பரில், தேசிய அளவில் கூடிய ஆலிம்களின் முஸாகரா, தடுப்பூசி போட்டுக்கொள்வது ஆகும் என்றும், அரசாங்கம் யாருக்கு அதனை விதிக்கிறதோ அவர்களுக்கு அது கடமை என்றும் முடிவு செய்தது. 2021 பிப்ரவரி 24-இல் ஊசித் திட்டம் தொடங்கிற்று. ஏப்ரல் மாதம் முதல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் முறை வந்தது.

நம் பெரியவர்களுக்கு ஊசிச் சீட்டு புதிதன்று. ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர்கள் அம்மை ஊசிச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தவர்களே. ஆகையால், ஊசி போட்டாயிற்று, சீட்டும் கிடைத்துவிட்டது, இனிப் பயணத்துக்குத் தடை இல்லை என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் 2021 சனவரி 13 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லத் தடை இருந்தது. வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஊசியை முழுமையாகப் போட்டு முடித்த பின்னரே, அக்டோபர் 11-இல் அது நீங்கிற்று. அதுவும் ஊசியை முடித்தவர்களுக்கு மட்டுமே. அரசாங்கம் கதவைத் திறந்த அன்றுதான் பல வீடுகளில் பிள்ளைகள் கதவை அடைத்தார்கள்.

நம் வீட்டு வழக்கு

கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வழியாகச் சபாக் பெர்ணம் போனால், பெர்ணம் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் பேராக் மாநிலம். அங்கே ஊத்தான் மெலிந்தாங்கில் நம் அத்தாவின் அக்கா இருந்தார். காலையில் புறப்பட்டுப் பார்த்துவிட்டு அஸருக்குள் திரும்பிவிடக்கூடிய தூரந்தான். ஆயினும் மாநில எல்லை குறுக்கே கிடந்தமையால் அவ்வாண்டு சனவரி முதல் போக முடியவில்லை.

தடை நீங்கிய வாரம், எழுபத்து நான்கு வயதான அத்தா புறப்பட ஆயத்தமானார். இரண்டு ஊசியும் போட்டு மாதக் கணக்காகியிருந்தது. நாம் வேண்டாம் என்றோம். வீட்டில் எட்டு வயதுக் குழந்தை இருக்கிறது. அதற்கு இன்னும் ஊசி வரவில்லை. பாலம் திறந்தால் நோய் போய்விட்டதா என்று கேட்டோம்.

அத்தா சொன்னார்: “தம்பி, நீ காலையிலிருந்து இரவு வரை நூறு பேருக்குச் சாமான் கொடுக்கிறாய். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய். நான் ஒருத்தியைப் பார்க்கப் போனால் மட்டும் நோய் வந்துவிடுமா?”

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆனால் கார்ச் சாவி நம்மிடம் இருந்தது. அத்தாவின் ஊசிச் சான்றிதழும் நம் கைத்தொலைபேசியில்தான் இருந்தது. மைசெஜாத்தராவை அவருக்குத் திறக்கத் தெரியாது. நியாயத்தால் வெல்லாமல் சாவியால் வென்றோம். அத்தா அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டிசம்பரில் மாமி மௌத்தாகிவிட்டார். முதுமையினால்தான், இந்நோயினால் அன்று. அன்று நாமே காரோட்டி அத்தாவை ஜனாஸாவுக்கு அழைத்துப் போனோம். திரும்பும் வழியில் அவர் நம்மை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நிற்க, மறுபக்கமும் உண்டு. நாம் அறிந்த மற்றொரு வீட்டில், இரண்டு ஊசி போட்ட பெரியவர் ஒருவர் பிள்ளைகளின் சொல்லை மதியாமல் ஒரே மாதத்தில் மூன்று கலியாண விருந்துகளுக்குப் போய்வந்தார். இருமல் வந்ததை மறைத்தார். அவருக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போயிற்று. சர்க்கரை நோய்க்காரரான அவருடைய மனைவி பயத்தினால் ஊசி போடாதிருந்தவர். அவ்வம்மையார் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பவில்லை.

இரண்டு வீடுகளிலும் நஷ்டம் நேர்ந்தது. ஒன்றில் மகனின் பிடிவாதம், மற்றொன்றில் தந்தையின் பிடிவாதம்.

ஊசி செய்வதும் செய்யாததும்

வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் சரக்கின் தன்மை தெரிய வேண்டும். ஊசி போட்டவருக்கு நோய் முற்றுவதும், மரணம் நேர்வதும் வெகுவாகக் குறைகின்றன. ஆனால் தொற்றே வராது என்பதில்லை. வந்தால் அவரிடமிருந்து பிறருக்குப் பரவவும் கூடும். மாதங்கள் செல்லச் செல்ல ஊசியின் காப்புக் குறைகிறது. முதியோர் உடம்பில் அக்காப்பு இளைஞருக்கு அமைவதுபோல் பலமாக அமைவதில்லை. இதனாலேயே 2021 அக்டோபரில் மூன்றாம் ஊசி தொடங்கப்பட்டது. ஐந்து முதல் பதினோரு வயதுக் குழந்தைகளுக்கோ 2022 பிப்ரவரியில்தான் ஊசி வந்தது.

கணக்குப் பார்ப்பது நமக்குப் பழக்கம். இரண்டு எண்களைப் பாருங்கள். நம் நாட்டில் 2021 ஆகஸ்டு 26-இல் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று பதிவாயிற்று. 2022 மார்ச் 5-இல் 33,406 பேருக்குப் பதிவாயிற்று. மக்களில் பெரும்பாலோர் ஊசி போட்ட பின்னரும் தொற்று கூடிற்று. இதில் பிள்ளைகள் சொன்னது சரி. ஆனால் முந்திய அலையோடு ஒப்பிட்டால் பிந்திய அலையில் நாளொன்றுக்கு நேர்ந்த மரணங்கள் மிகக் குறைவு. ஓமிக்ரான் வகை முன்னதைவிடக் கடுமை குறைந்தது என்பது உண்மையே. ஆயினும் ஊசியின் காப்பும் பெருங்காரணம். இதில் பெரியவர்கள் சொன்னது சரி. இரு தரப்பாரும் ஆளுக்குப் பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடினார்கள்.

ஸர்க் என்னும் இடத்தில்

இப்போது மார்க்க வரலாற்றைப் பார்ப்போம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் செல்கையில், ஸர்க் என்னும் இடத்தில் சேனைத் தலைவர் அபூ உபைதா (ரலி) முதலானோர் எதிர்கொண்டு, ஷாமில் கொள்ளை நோய் கண்டிருப்பதைத் தெரிவித்தனர். கலீஃபா அவர்கள் தாமே முடிவு கட்டிவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். அவர்களிடையே இரண்டு கருத்து. அன்ஸார்களைக் கேட்டார்கள், அவர்களிடையேயும் இரண்டு கருத்து. மூன்றாவதாகக் குறைஷிக் குலத்து முதியவர்களை அழைத்தார்கள். அவர்கள் அனைவரும் ஒரே குரலில் திரும்பிவிடுங்கள் என்றார்கள்.

அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே போகிறோம் என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் மறுமொழி பகர்ந்து, பசுமையான கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமை காட்டினார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோயுள்ள ஊருக்குப் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் கண்டால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை அறிவித்தார்கள். வழக்கு தீர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டுவது யாது? பயணத்தை நிறுத்தச் சொன்னவர்கள் முதியவர்கள்! கேட்டதனால் சொன்னார்கள். நம் வீட்டில் நாம் கேட்கவே இல்லை. மாற்றுக் கருத்துக் கொண்ட இரு பெருமக்களும் ஒருவரை ஒருவர் மரியாதை குறைத்துப் பேசவுமில்லை.

ஹஜ்ஜில் கிடைத்த படிப்பினை

2022-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு ஊசி போட்டவர்களையே சவூதி அரசாங்கம் அனுமதித்தது. அவர்களிலும் 65 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டுமே. முறை வந்தும் எத்தனையோ பெரியவர்கள் கண்ணீருடன் நின்றார்கள். ஆயினும் அதனைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொண்டவரை நாம் கண்டதில்லை. ஏனெனில் விதி முன்கூட்டியே சொல்லப்பட்டது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. 2023-இல் வயது வரம்பு எடுக்கப்பட்டது. வீட்டில் நாம் போட்ட தடையோ பெரியவருக்கு மட்டும் போட்டது. நமக்கு நாம் போட்டுக்கொள்ளவில்லை. எப்போது முடியும் என்றும் சொல்லவில்லை. அதனால்தான் அது மனத்தைப் புண்படுத்திற்று.

இனிச் செய்யத்தக்கவை

1. பயணத்தின் காரணத்தை எடைபோடுக. நோயாளியை விசாரிப்பதும், இரத்த உறவைச் சேர்த்துக்கொள்வதும், ஜனாஸாவும் ஒரு வகை. விருந்தும் உல்லாசமும் வேறு வகை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

2. இரு வீடுகளையும் எண்ணுக. போகும் வீட்டிலும், திரும்பி வரும் வீட்டிலும் ஊசி போடாதவர், சர்க்கரை நோயாளி, குழந்தை யார் யார் என்று பார்த்து ஏற்பாடு செய்க. முகக்கவசமும், திரும்பியபின் சில நாள் தனியறையும் பெரியவருக்கு இழுக்கல்ல.

3. கட்டுப்பாடு இருவருக்கும் ஒன்றாகட்டும். தந்தையைத் தடுப்பவன், கடையிலிருந்து வந்ததும் கைகால் கழுவி, உடை மாற்றி, விலகி உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

4. இருமலோ காய்ச்சலோ கண்டால் எவரும் மறைக்கலாகாது. பழுதுபட்ட சரக்கை மறைத்து விற்பது நமக்கு ஹராம் அல்லவா? இதுவும் அப்படியே.

5. ஆலோசித்த பின் முடிவு பெரியவருடையது. அறிவு தெளிவாயுள்ளவரின் சாவியையும் சான்றிதழையும் பிள்ளை பிடித்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. பெற்றோரிடம் ‘சீ’ என்ற சொல்லும் கூடாது என்பதே குர்ஆனின் கட்டளை. சொல்லாமலே கதவை அடைப்பது அதனினும் பெரிதன்றோ!

சகோதரர்களே! நம் கடைகளைத் தொடங்கி வைத்தவர்கள் இன்று நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். நாளை அந்த நாற்காலி நமக்கு. இன்று நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் முறையிலேயே நாளை நம்மையும் நடத்துவார்கள். பெரியவர்களின் உடலையும் மனத்தையும் ஒருங்கே காக்கும் தவ்பீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.