பனிமலை நடுவே ஓர் ஓடுபாதை

லடாக்கில், சிந்து ஆற்றின் பள்ளத்தாக்கில் லே நகர் அமைந்துள்ளது. அந்நகரின் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நான்கு புறமும் மலைகள் சூழ்ந்த அந்நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே உள்ளது. பயணியர் விமானங்களும் விமானப்படையின் விமானங்களும் அதனையே பகிர்ந்துகொள்கின்றன.

ஓடுபாதை இந்திய விமானப்படையின் பொறுப்பில் உள்ளது. பயணியர் வந்து செல்லும் முனையத்தை இந்திய விமான நிலைய ஆணையம் நடத்துகிறது. புனே, சீநகர், பாக்டோக்ரா ஆகிய இடங்களிலும் இத்தகைய ஏற்பாடே உள்ளது. இவை படைத்தளங்களும் ஆதலால், இங்கு ஒளிப்படம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு.

லே ஓடுபாதை ஒரு நெருக்கடியில் பிறந்தது. 1948ஆம் ஆண்டு படையெடுப்பாளர்கள் லே நகரை நோக்கி முன்னேறினர். தரைவழியே படைகள் விரைந்து வந்துசேர இயலவில்லை. அப்போது லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு, ஊர் மக்களின் உழைப்பைக் கொண்டு ஆற்றோர மணல்வெளியில் ஓர் இறங்குதளத்தை அமைத்தார். மே 24 அன்று ஏர் கமடோர் மேஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தை அங்கே இறக்கினார். மேஜர் ஜெனரல் திம்மையாவும் அவருடன் வந்தார். அதன்பின் வீரர்களும் படைக்கலங்களும் வான்வழியே வந்துசேர, லே நகர் காக்கப்பட்டது.

இங்கு விமானம் ஓட்டுவது இன்றும் எளிதன்று. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அதனால் இறக்கைகளைத் தாங்கும் விசையும் பொறியின் ஆற்றலும் குறைகின்றன. விமானம் மேலெழ மிகுந்த வேகமும் நீண்ட ஓட்டமும் தேவைப்படுகின்றன. வெயில் ஏறினால் காற்று மேலும் அடர்த்தி குறையும். பிற்பகலில் பலத்த காற்றும் வீசும். ஆகவே பயணியர் விமானங்கள் பெரும்பாலும் முற்பகலிலேயே வந்து செல்கின்றன. மேகம் மலைகளை மூடிவிட்டால், வந்த விமானம் இறங்காமலே திரும்பிச் செல்வதும் உண்டு.

குளிர்காலத்தில் பனி பொழிந்து மலைச்சாலைகள் மூடப்படும்போது, லே மக்களை வெளியுலகோடு இணைப்பது இவ்வோடுபாதையே. எல்லையைக் காக்கும் வீரர்களுக்கு உணவும் எரிபொருளும் இதன்வழியே வருகின்றன. வழியின்றித் தவிக்கும் பயணியரையும், உயர் சிகிச்சை தேவைப்படும் நோயாளிகளையும் விமானப்படை ஏற்றிச் சென்றிருக்கிறது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மேகவெடிப்பால் லே நகரில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, துயர்துடைப்புப் பொருள்களும் இங்கேதான் வந்திறங்கின.

சில வேளைகளில் பயணியர் தம் விமானத்துக்காகச் சற்றுக் காத்திருக்க நேரலாம். அந்நேரத்தில் மருந்தையோ, வீரர்களுக்கான உணவையோ சுமந்துகொண்டு மற்றொரு விமானம் அதே ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருக்கலாம். ஊர் மக்கள் தம் கைகளால் சமன்செய்த நிலம், இன்று நாட்டுக்கும் ஊருக்கும் ஒருங்கே பயன்படுகிறது.

அருஞ்சொற்பொருள்

முனையம் – பயணியர் ஏறி இறங்கும் கட்டடம்
படைக்கலம் – போர்க்கருவி
அடர்த்தி – செறிவு
துயர்துடைப்பு – துன்பத்தைப் போக்குதல்

வினாக்கள்

1. லே ஓடுபாதை அமைக்கப்பட்டதன் காரணம் யாது?
2. பயணியர் விமானங்கள் பெரும்பாலும் முற்பகலில் இயங்குவது ஏன்?
3. ‘ஓடுபாதை’, ‘பெருவெள்ளம்’ ஆகியவற்றைத் தொடரில் அமைத்து எழுதுக.
4. நீவிர் வாழும் ஊரை வெளியூர்களோடு இணைக்கும் வழி ஒருநாள் மூடப்பட்டால் என்ன நேரும்? பத்து வரிகளில் எழுதுக.