சுருக்க ஊசி போட்ட பிறகு: எதற்குப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும்?

புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளை மறைக்கப் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்வது பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இன்று அரை மணி நேர வேலை. மருந்தில் இருப்பது போட்டுலினம் நச்சு. மிகச் சிறிய அளவில். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது தடுக்கிறது. தசை தளர்ந்ததும் கோடு மங்குகிறது. பலன் 3 முதல் 4 மாதம் நிற்கும். பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை தானாகவே அடங்கிவிடும். சில அப்படியல்ல. இரண்டையும் பிரித்தறிய இதோ வழி.

1. ஊசிக்கு முன்பே கேளுங்கள்

அழகு நிலையத்திலோ வீட்டிலோ போட்டுக்கொள்ளாதீர்கள். மலேசியாவில் அழகியல் சிகிச்சை செய்யும் மருத்துவருக்குச் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்று இருக்க வேண்டும், காட்டச் சொல்லுங்கள். மருந்துப் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியை அப்படியே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், எத்தனை யூனிட் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல.

கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், தசைப் பலவீன நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.

2. முதல் 24 மணி நேரம்

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். சில மணி நேரம் படுக்காதீர்கள். கடும் உடற்பயிற்சி வேண்டாம்; தண்ணீர்மலைக் கோயில் படி ஏறுவதையும் மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள். ஃபேசியல், புருவத் திரெடிங் ஆகியவற்றுக்குச் சில நாள் விடுப்பு. தீபாவளிக்கு முந்தின நாள் ஊசி போட்டுவிட்டு, விடியற்காலையில் தலையையும் நெற்றியையும் அழுத்தித் தேய்த்து எண்ணெய்க் குளியல் போடுவது சரிவராது. கல்யாணம் வைத்திருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

3. பதற வேண்டாதவை

ஊசி குத்திய இடத்தில் வலி, சிறு வீக்கம், சிவப்பு, நீலமாகக் கன்றிப்போதல், தலைவலி. வீக்கத்துக்கு ஐஸைத் துணியில் சுற்றி மெதுவாக வையுங்கள், அழுத்த வேண்டாம். தலைவலிக்குப் பனடோல் போதும். ஆஸ்பிரின் போன்றவை கன்றியதைப் பெரிதாக்கலாம். முழுப் பலன் தெரிய 2 வாரமாகும். "ஒன்றுமே ஆகவில்லையே" என்று மூன்றாம் நாளே இன்னொரு ஊசி கேட்காதீர்கள்.

4. கிளினிக்குக்குத் திரும்ப வேண்டியவை

முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு கண்ணிமை மட்டும் பாதி இறக்கிய கடை ஷட்டர் போலத் தாழலாம். இமையைத் தூக்கும் தசைக்கு மருந்து பரவியதே காரணம். தோலை நிரப்பும் ஃபில்லர் ஊசிகளில் சிலவற்றைக் கரைக்க மருந்து உண்டு. போடாக்ஸைக் கரைக்க எதுவும் இல்லை. சில வாரங்களில் சரியாகிவிடும். அதுவரை இமையைச் சற்றே உயர்த்தும் கண் சொட்டு மருந்தை மருத்துவர் தரலாம். பார்வை மறைந்தால் வண்டி ஓட்டாதீர்கள். புருவம் கோணினாலும், சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் இழுத்தாலும் காட்டுங்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவி, காய்ச்சலும் வந்தால் தொற்றாக இருக்கலாம், அன்றே போங்கள்.

5. உடனே 999

மூச்சுத் திணறல், விழுங்க முடியாமை, குரல் மாறுதல், பேச்சுக் குழறல், எல்லாம் இரண்டாகத் தெரிவது, உடம்பெங்கும் பலவீனம். நச்சு தூரம் பரவியதன் அறிகுறிகள் இவை. அரிதுதான், ஆனால் ஊசி போட்ட சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். உடலெங்கும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம் என்றால் ஒவ்வாமை. இரண்டிலும் கிளினிக்கின் பதிலுக்குக் காத்திராமல் 999-ஐ அழையுங்கள், அல்லது பினாங்கு பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்துப் பெட்டியின் படத்தைக் காட்டுங்கள். தேசிய நச்சு மையமும் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது.

6. பதிவு செய்யுங்கள்

சரியானதும் மறந்துவிடாதீர்கள். மருந்தின் பக்கவிளைவைப் பொதுமக்களே தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வுக்குத் தெரிவிக்கலாம். போலி மருந்து என்று சந்தேகப்பட்டால் கட்டாயம் தெரிவியுங்கள். அடுத்து அதே நாற்காலியில் உட்காரப்போகிறவர் தப்பிப்பார்.