ஒற்றைப் பல்லுக்குப் பெயர் சூட்டாதீர்கள்

நம்பிக்கை: ஊனுண்ணி டைனோசரின் பல் ஒன்று கிடைத்தால் போதும், அது எந்த இனம் என்று சொல்லிவிடலாம்.

உண்மை: பெரும்பாலும் முடியாது. விற்பனைச் சீட்டில் எவ்வளவு உறுதியாக எழுதியிருந்தாலும் முடியாது. தெரோபாடுகள் எனப்படும் இந்த விலங்குகளுக்கு ஒரே வாயிலேயே பற்கள் வேறுபடும். டைரனோசரஸ் ரெக்ஸின் மேல்தாடை முன்பற்கள் சிறியவை. குறுக்கே வெட்டினால் ஒருபுறம் தட்டை, மறுபுறம் அரைவட்டம். பக்கப் பற்களோ வாழைப்பழம்போல் தடித்து வளைந்தவை. தனித்தனியே கிடைத்தால் இரண்டும் வேறு வேறு விலங்குகளுடையவை என்றே தோன்றும். போதாததற்கு வயதும் குழப்பும்: இளம் விலங்கின் பக்கப் பல் மெலிந்திருக்கும், வளர வளரத் தடிக்கும்.

இதை மறுப்பவர்கள் ட்ரூடானின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் மான்டானா பகுதியில் கிடைத்த ஒரு பல்லுக்குத் தொல்லுயிரியலாளர் ஜோசப் லைடி 1856-இல் அப்பெயரைச் சூட்டி, அதைப் பல்லி வகையில் சேர்த்தார். 1924-இல் சார்ல்ஸ் கில்மோர் அதைத் தடித்த மண்டையோடு கொண்ட தாவர உண்ணி டைனோசருடையது என்றார். 1945-இல்தான் சார்ல்ஸ் ஸ்டெர்ன்பெர்க் அதை ஊனுண்ணிகளின் பக்கம் மீட்டார். லைடி 1868-இல் ஆப்ளிசோடான் என்று பெயரிட்ட ரம்ப விளிம்பில்லாத முன்பல்லும் தனி இனத்தினுடையதல்ல, இளம் டைரனோசருடையது என்றே இன்று கருதப்படுகிறது.

பல்லால் பயனே இல்லை என்பதல்ல. பல்லின் உயரம், அடிப்பகுதியின் நீளம், தடிமன் ஆகியவற்றை அளந்து, விளிம்பில் 5 மில்லிமீட்டருக்குள் எத்தனை ரம்ப முனைகள் என்று எண்ணினால் குடும்பம் வரை நெருங்கலாம். 'ராப்டர்' எனப் பரவலாக அழைக்கப்படும் டிரோமியோசாரிட் குடும்பத்தின் பற்கள் பலவற்றில் முன்விளிம்பின் முனைகள் பின்விளிம்பினதைவிடப் பொடியானவை. ட்ரூடானின் பெயரால் அமைந்த ட்ரூடான்டிட் குடும்பத்தின் பல்லில் முனைகள் பெரிதாகி, பல்லின் நுனியை நோக்கிக் கொக்கியாய் வளையும். தமிழ்நாட்டின் கல்லமேடு படிவில் கிடைத்த ஒரு பல்லை 2013-இல் வெளியான ஆய்வு ட்ரூடான்டிட் குடும்பத்தில் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டது. புதுப் பெயர் சூட்டவில்லை. அதுதான் முறை.

நம்பிக்கை: ரம்ப விளிம்பு இருந்தால் அது டைனோசர் பல்.

உண்மை: இல்லை. கொமோடோ உடும்புக்கும் பல சுறாக்களுக்கும் ரம்ப விளிம்பு உண்டு.

நம்பிக்கை: நூறு பற்கள் கிடைத்தால் நூறு விலங்குகள்.

உண்மை: தெரோபாடுகளுக்கு வாழ்நாள் முழுதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. வேர் கரைந்து உதிர்ந்த பல், விலங்கு அங்கே இறந்ததற்குக்கூடச் சான்றாகாது.

பல்லுக்கு அறிவியல் மதிப்பைத் தருவது அது கிடந்த அடுக்கும் இடமும். மொராக்கோவின் கெம் கெம் படிவுகளிலிருந்து சந்தைக்கு வரும் பற்கள் பல, அந்தக் குறிப்பை இழந்தே வருகின்றன. 'ராப்டர்' என்று எழுதிய விற்பனைச் சீட்டு அதை ஈடுசெய்யாது. ஆகவே பல்லை விலைக்கு வாங்காதீர்கள். பாறையில் கண்டால் பெயர்த்தெடுக்காமல், இருந்த நிலையிலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்து, அருகிலுள்ள புவியியல் துறைக்குத் தெரிவியுங்கள்.